படத்தின் இடது ஓரத்தில் நிற்பவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் பிராந்தியச் செய்திப் பக்கத்தில் எங்கள் பிரதேச சபைச் செயலாளரின் பிரியாவிடை வைபவம் வந்திருந்தது. தவிசாளர், உப தவிசாளர், பிரதம அதிதி, பொன்னாடை போர்த்தியவர் என்று எல்லோர் பெயரும் இருந்தன. கடைசி வரி: "நிகழ்வில் செயலாளரும் கலந்துகொண்டார்." தன் பிரியாவிடைக்குத் தானே வந்து சிறப்பித்தாராக்கும்!

எழுதிய நிருபர் தம்பிக்கு வயது காணாது. உங்களுக்குத் தெரியாததா? இலிகிதராக நுழைந்து 37 வருடம் கோப்போடு கிடந்த மனுசன். 2008 மார்ச்சில் தேர்தல் வரும்வரை மட்டக்களப்பில் தவிசாளர் கதிரைகள் எத்தனை வருடம் வெறுமையாகக் கிடந்தன? 2023 மார்ச் 19 நள்ளிரவோடு சபைகள் கலைந்தன. 2025 மே 6 தேர்தல்வரை குப்பை உழவு இயந்திரத்துக்கு டீசல் அடிக்கவும் செயலாளர்தானே கையெழுத்து வைத்தார்? அப்போது தெருவிளக்கு எரியாவிட்டால் அவரைத்தான் திட்டினோம். நானும் திட்டினேன். 'வினைத்திறனற்ற நிர்வாகம்' என்று நீங்களும் தலைப்புப் போட்டீர்கள். அன்றைக்கு மட்டும் அவர் பெயர் முதலெழுத்தோடு முழுசாக வந்தது.

சுனாமியில் என் வளவில் மிஞ்சியது கிணற்றுக்கட்டு மட்டும். காணி உறுதி, அடையாள அட்டை எல்லாம் கடலோடு. மூன்றாம் கிழமை சபைக்குப் போனேன். அப்போது பிரதம இலிகிதராக இருந்த இந்த மனுசன், விறாந்தையில் சாக்கை விரித்து, ஊறிப்போன வீடு வளவுச் சோலைவரிப் பதிவேட்டை ஈர்க்கில் வைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்துக்கொண்டிருந்தார். "இருங்க மாஸ்டர், உங்கட ஒழுங்கை இன்னும் காயல்ல" என்றார். ஒரு மணித்தியாலம் இருந்தேன். மை கரைந்த அந்தத் தாளில் என் பெயரும் வளவு இலக்கமும் இருந்தன. அதைப் பார்த்து அவர் எழுதித் தந்த கடிதத்தை வைத்துத்தான் எனக்கு வீடு கிடைத்தது. அவருடைய வீடும் அன்று இல்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

மயானப் பாதைக்குக் கிறவல் போடச் சொல்லி நான் எழுதிய கடிதத்தை முன்பு மூன்று வரியாக வெட்டினீர்கள். போகட்டும், இடநெருக்கடி. இதையாவது வெட்டாதீர்கள்.

கேட்பது பெரிதல்ல. அந்தப் படத்தை முழுசாக மறுபடி போட்டு, கீழே அவர் பெயரையும் போடுங்கள். இடது ஓரத்தில், பாதி உடம்பு வெட்டுப்பட்டு, மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். இடம் காணாதென்றால் பிரதம அதிதியை வெட்டலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியன்,
எழுவான்கரை, மட்டக்களப்பு.