2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், இதைப் பிறகு வாட்ஸ்அப்பில் படிக்கப்போகும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

கோவையில் இயங்கும் நம் பந்தய ஆர்வலர் சங்கத்தின் செயற்குழு ஆண்டில் ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை கோரம் இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். ஜூலையில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு ஒரு வேன் போய் வந்தது. ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. புரொஜெக்டர் பல்பு மாற்றப்பட்டது.

இனி பலகை. இதைச் சுருக்கமாகச் சொல்லும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். முயல்கிறேன்.

நம் அறையின் மேற்குச் சுவரில் இருந்த பழைய பலகையில் பார்முலா 1 சாம்பியன்கள் பெயர் மட்டுமே இருந்தது. நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியில் ஓட்டிய 2005இல் தொடங்கியது அது. உலகத்தில் வேறு பந்தயமே நடக்காதது போல இருபது வருடம் ஒரே வரிசை. எல்லாத் தொடர்களின் சாம்பியன்களும் ஒரே பலகையில் இருக்க வேண்டும் என்று ஜனவரிக் கூட்டத்தில் நான் முன்மொழிந்தேன். நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. நிறைவேறியது என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "செயலாளர் தன்னிச்சையாகச் செய்தார்" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

முதல் வரி ஜனவரியிலேயே நிரம்பியது. பாலைவனத்தில் பல நாள் ஓடும் டக்கார் ராலியில் கார்லோஸ் சைன்ஸ், ஆடி காரில், தன் 61ஆம் வயதில் வென்றார். பார்முலா 1இல் ஓட்டும் கார்லோஸின் அப்பா. நான்காவது டக்கார் வெற்றி, நான்கும் நான்கு வெவ்வேறு நிறுவனக் கார்களில். அதே டக்காரில் பைக் ராலி 2 பிரிவை வென்றவர் ஹரித் நோவா. ஷொர்ணூர்க்காரர், வாளையார் தாண்டினால் இரண்டு மணி நேரம். ஓட்டியது ஷெர்கோ டிவிஎஸ் அணிக்கு. இது தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்று பிப்ரவரிக் கூட்டத்தில் கேட்டேன். இரண்டு கைகள் எழுந்தன. ஒன்று என்னுடையது.

அதன்பின் பலகை மெதுவாகவே நிரம்பியது. ஜூலையில் லண்டனில் மின்சாரக் கார்களின் பார்முலா இ தொடரை போர்ஷேயின் பாஸ்கல் வெர்லைன் வென்றார். செப்டம்பரில் அமெரிக்காவின் இண்டிகார் பட்டம் அலெக்ஸ் பலோவுக்கு, நான்கு ஆண்டில் மூன்றாவது முறை. அக்டோபரில் பைக் பந்தயத்தின் கீழ்ப் பிரிவுகளான மோட்டோ3இல் கொலம்பியாவின் டேவிட் அலோன்சோ, மோட்டோ2இல் ஜப்பானின் ஆய் ஒகுரா. நவம்பர் தொடக்கத்தில் நீண்ட நேரம் ஓடும் உலக எண்டூரன்ஸ் தொடரில் போர்ஷே 6ஆம் எண் காரின் மூவர்: எஸ்ட்ரே, லாட்டரர், வான்தூர். ஒரு பட்டத்துக்கு எதற்கு மூன்று பெயர் என்று பொருளாளர் கேட்டார். எட்டு மணி நேரம், இருபத்து நான்கு மணி நேரம் ஒரே ஆள் ஓட்ட முடியாது என்று விளக்கினேன். பெயிண்டர் எழுத்துக் கணக்கில் கூலி கேட்பவர் என்பதால் பொருளாளரின் கவலையும் எனக்குப் புரிகிறது. உலக சூப்பர்பைக் தொடரின் சாம்பியன் டோப்ராக் ராஸ்கட்லியோலு விஷயத்திலும் இதே தகராறுதான். "டோப்ராக்" மட்டும் போதாதா என்றார்கள். தொடர்ந்து பதின்மூன்று வெற்றி, நடுவில் காயம்பட்டுச் சில பந்தயங்கள் போயும் ஜெரெஸில் பட்டம், பிஎம்டபிள்யூவுக்கு இந்தத் தொடரில் முதல் பட்டம். அப்படிப்பட்டவருக்கு முழுப் பெயர் எழுத வக்கில்லாத சங்கமா இது? கூடுதல் எழுத்துகளுக்கான கூலியை நானே கொடுத்தேன். கணக்கில் அது வராது.

பைக் பந்தயத்தின் உச்சத் தொடரான மோட்டோஜிபி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பானையா 11 ஞாயிறு பந்தயங்களை வென்றார், ஹோர்ஹே மார்ட்டின் மூன்றே மூன்று. பட்டம் மார்ட்டினுக்கு, 508க்கு 498 புள்ளி. பதினொன்று ஜெயித்தவன் எப்படித் தோற்பான் என்று குழுவில் இரண்டு நாள் சண்டை நடந்தது. பானையா விழுந்த நாட்களில் மார்ட்டின் புள்ளி சேர்த்துக்கொண்டே இருந்தார், ஸ்பிரின்ட் எனப்படும் சனிக்கிழமைக் குறும்பந்தயங்களையும் சேர்த்து. பைக் நிறுவனத்தின் சொந்தத் தொழிற்சாலை அணியில் இல்லாத ஒருவர் மோட்டோஜிபி பட்டம் வென்றதும் இதுவே முதல் முறை. கார்களிலும் இப்படி ஒரு கதை உண்டு: பார்முலா 3 சாம்பியன் லியோனார்டோ ஃபோர்னரோலி அந்த ஆண்டு ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. எல்லாப் பந்தயத்துக்கும் வந்து புள்ளி சேர்த்தே பட்டம் வாங்கினார். வருகைப் பதிவேட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஃபோர்னரோலி நினைவுக்கு வருகிறார்.

வெள்ளத்தில் வலென்சியா சிதைந்ததால் பார்சிலோனாவுக்கு மாற்றப்பட்ட மோட்டோஜிபி இறுதிச் சுற்று நவம்பர் 17, ஞாயிறு மாலை ஆறரைக்கு. பட்டம் அன்றுதான் முடிவாக வேண்டும். அறைக்கு வந்தவர்கள் நான், பொருளாளர், கட்டட உரிமையாளரின் மகன்.

அடுத்த ஞாயிறு, நவம்பர் 24, லாஸ் வேகாஸ் பார்முலா 1 பந்தயம். நம் நேரம் காலை பதினொன்றரை. உட்கார இடமில்லை, சமோசா இரண்டு முறை வாங்கினோம். வெர்ஸ்டாப்பன் ஐந்தாவதாக வந்து நான்காவது பட்டத்தை உறுதிசெய்தார். கைதட்டினோம், சரி. ஆனால் அந்தப் பட்டம் ஜூன் மாதமே பாதி கட்டி முடித்த வீடு. முதல் பத்தில் ஏழு வெற்றி, பிறகு பத்து பந்தயம் வெற்றியே இல்லை, பிரேசிலில் மழையில் 17ஆம் இடத்திலிருந்து வந்து வென்றது மட்டும் தனிக் கதை. அந்த ஆண்டு பார்முலா 1இல் கடைசி நாள்வரை போனது அணிப் பட்டம்தான். மெக்லாரன் 26 ஆண்டுக்குப் பிறகு, ஃபெராரியைவிட 14 புள்ளி கூடுதலாக வாங்கி வென்றது. அதைப் பார்க்க டிசம்பர் 8 அன்று வந்தவர்கள் ஒன்பது பேர்.

லாஸ் வேகாஸுக்கு வந்தவர்கள் உள்ளே நுழைந்ததும் கேட்ட கேள்வி, "பலகையில் வெர்ஸ்டாப்பனுக்கு முன்னாடி யாருங்க இந்த நியூவில்?" அன்று காலையில்தான் ராலி ஜப்பானில் போட்டியாளர் தனாக் காரை மோதிவிட்டு வெளியேற, தியரி நியூவில் உலக ராலி சாம்பியன் ஆகியிருந்தார். ஐந்து முறை இரண்டாம் இடத்தில் நின்ற மனிதர். பெல்ஜியத்துக்கு முதல் ஓட்டுநர் பட்டம். அவர் ஓட்டியது ஹூண்டாய். இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை வைத்திருக்கிறதே, அதே கம்பெனி. நம் உறுப்பினர்களில் ஏழு பேர் ஹூண்டாய் ஓட்டுகிறார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு உலக சாம்பியன்கள், இருவருமே பெல்ஜியத்தில் பிறந்தவர்கள். முன்சொன்ன வான்தூரும் வெர்ஸ்டாப்பனும் ஒரே ஊர், ஹாசெல்ட். பலகை இல்லையென்றால் இது யார் கண்ணில் பட்டிருக்கும்?

அமெரிக்கக் கார் பந்தயத் தொடரான நாஸ்காரில் ஜோயி லொகானோ. சார்லட்டில் பட்டப் போட்டியிலிருந்து வெளியேறிவிட்டார். பிறகு வேறொருவரின் கார் எடை குறைவு என்று தகுதி நீக்கப்பட, இவர் உள்ளே வந்து ஃபீனிக்ஸில் பட்டமே வாங்கினார். சந்தா பாக்கியால் பெயர் நீக்கப்பட்டவர்களும் மீண்டும் உள்ளே வரலாம் என்பதை இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.

பயணங்கள். செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் நடக்கவிருந்த மோட்டோஜிபி சுற்றுக்காக 14 பேரிடம் தலா ஆயிரம் முன்பணம் வாங்கப்பட்டது. அந்தச் சுற்று ரத்தானது. கஜகஸ்தானுக்குப் போய், அங்கும் நடக்காமல், கடைசியில் மிசானோவில் நடந்தது. ஹைதராபாத் பார்முலா இ அதற்கு முன்பே கைவிடப்பட்டிருந்தது. இரண்டுக்கும் செயலாளர் பொறுப்பல்ல. முன்பணம் திரும்பி வரவில்லை என்று பேசுகிறவர்கள் தங்கள் சந்தா பாக்கியை முதலில் பார்க்கவும். பாக்கியில்லாத நால்வருக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. மற்றவர்களுடையது நேர்செய்யப்பட்டது, அதில் ஒரு பகுதி பலகைக்குப் போனது என்பதை நான் மறைக்கவில்லை. ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 சென்னை தீவுத்திடல் இரவுப் பந்தயத்துக்கு 22 பேர் பெயர் கொடுத்து ஒன்பது பேர் வந்தார்கள். வேன் வாடகை 22 பேருக்கானது.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். விவரம் நோட்டில் உள்ளது. நோட்டு தணிக்கை பார்ப்பவர் வீட்டில் உள்ளது. அவர் ஊரில் இல்லை.

சந்தா ஆண்டுக்கு 1,200 ரூபாய். உறுப்பினர்கள் 52, கட்டியவர்கள் 23. லாஸ் வேகாஸ் அன்று சமோசா சாப்பிட்டவர்களை நான் எண்ணினேன், இந்த 23ஐவிட அதிகம். இதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை.

அறையைக் குறைந்த வாடகைக்கு விட்ட உரிமையாளருக்கும், ஒத்துழைத்த தலைவருக்கும், டீக்கடைக்காரருக்கும், பொருளாளர் எதிர்த்து வாக்களித்தபோதும் நாற்காலி போட்டு உதவியதால் அவருக்கும் நன்றி. பெயிண்டருக்குத் தனி நன்றி; அவருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

வரும் ஆண்டில் செயலாளர் பொறுப்பை வேறு யாரேனும் ஏற்க முன்வந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. கடந்த மூன்று ஆண்டுகளாக இதையே சொல்லி வருகிறேன். 2025, ஹாமில்டன் ஃபெராரிக்கும், மார்ட்டின் சாம்பியனுக்குரிய 1ஆம் எண்ணோடு அப்ரிலியா அணிக்கும் போகிற ஆண்டு. அறை இல்லாமல் அவரவர் போனில் பார்த்துக்கொள்வதா என்பதை உறுப்பினர்களே முடிவு செய்யட்டும்.

2025க்கான கோடுகள் பலகையில் போட்டாயிற்று. டக்கார் ஜனவரி 17 அன்று முடிந்துவிட்டது. கார் பிரிவில் யசீத் அல் ராஜி, சொந்த மண்ணில் வென்ற சவுதிக்காரர். இப்போதைக்குச் சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறேன். முன்பணம் இல்லாமல் பெயிண்டர் வரமாட்டார். சந்தாவை மாலை ஏழு மணிக்கு மேல் என் வீட்டிலும் கட்டலாம்.

இப்படிக்கு,
செயலாளர்