ஈ தன் பெயரை மறந்த கதை: காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா, அப்பத்தா, அம்மாச்சிமார்களுக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வு இந்த வாரத்தோடு முடிகிறது. விடுமுறைக்கு வழக்கமாகக் கொடுத்தனுப்பும் எழுத்து வேலைகளையெல்லாம் இந்த முறை குறைத்துவிட்டோம். பதிலுக்கு ஒரே ஒரு வேலை வைத்திருக்கிறோம், அதுவும் உங்களுக்குத்தான். சின்ன வயதில் நீங்கள் கேட்ட ஒரு விலங்குக் கதையை, உங்கள் வீட்டில் எப்படிச் சொன்னார்களோ அப்படியே, பிள்ளைக்கு வாயால் சொல்லுங்கள். ஏன் இதைக் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு வீட்டில் யாராவது இதைப் படித்துக் காட்டுங்கள்.

சென்ற மாதம் ஒரு மழை நாள். இரண்டாம் வகுப்பு ஆசிரியை விடுப்பில் இருந்ததால் அந்த வகுப்பில் நான் இருந்தேன். ஈ தன் பெயரை மறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈக்குத் திடீரென்று தன் பெயர் மறந்துபோகிறது. வழியில் பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டே போகிறது. "கொழுகொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் ஆயா, ஆயன் கைக் கோலே" என்று ஒவ்வொருவராகச் சேர்ந்து சங்கிலி நீண்டுகொண்டே போகும். கோல் வளர்ந்த மரம், மரத்தில் இருக்கும் கொக்கு, கொக்கு நீராடும் குளம் என்று நான் சொன்னதும் வராந்தாவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டீச்சர், கொளம் இல்ல, கம்மாய்! கொக்கு கம்மாய்லதான நிக்கும்?"

பேரனை அழைத்துப்போக வந்து, மழைக்கு ஒதுங்கி நின்ற ஓர் அப்பத்தா. பையனின் அப்பா, அம்மா இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார்கள். ஜூன் மாதம்தான் எங்களிடம் வந்து சேர்ந்தான். பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்பான். அதற்கு மேல் ஒரு சொல் அதுவரை அவனிடமிருந்து வந்ததில்லை. அன்று எழுந்து நின்று, "அது எங்க அப்பத்தா" என்றான். பிறகு யாரும் கேட்காமலே கதையைக் கண்மாயிலிருந்து எடுத்துக்கொண்டான். கண்மாயில் நீந்தும் மீன், மீன் பிடிக்கும் வலையன், வலையன் கைச் சட்டி, சட்டி செய்யும் குயவன், குயவன் கை மண், மண்ணில் முளைக்கும் புல், புல்லைத் தின்னும் குதிரை வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். குதிரை பல்லைக் காட்டிச் சிரிக்கிறது: "ஈ... ஈ... ஈ!" ஈக்குப் பெயர் கிடைத்துவிட்டது. வகுப்பே சேர்ந்து கத்திய சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

அந்த அப்பத்தாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பையன் இப்போது பேசுகிறான். நிறையவே பேசுகிறான்.

முப்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் எனக்கு, அந்தக் கதைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மேய்க்கும் ஆயன், நீராடும் குளம், பிடிக்கும் வலையன், செய்யும் குயவன், தின்னும் குதிரை: எல்லாம் பெயரெச்சம். மேல் வகுப்பில் இலக்கணமாகப் படித்து, பரீட்சைக்குப் பயந்து மனப்பாடம் செய்யும் விஷயம். விளி வேற்றுமையும் அப்படியே. கொக்கைக் கூப்பிட்டால் கொக்கே, கோலைக் கூப்பிட்டால் கோலே. ஆயனையும் குயவனையும் கூப்பிடும்போது கடைசி எழுத்து போய் ஆயா, குயவா. தொல்காப்பியம் இதற்கென்றே ஓர் இயலை ஒதுக்கியிருக்கிறது. ஏழு வயதுப் பையன் ஓரிடத்திலும் பிசகாமல் சொன்னான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இரவில் அப்பத்தா பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

அன்று இன்னொன்றும் நடந்தது. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, "மெழுகுறதுன்னா என்ன டீச்சர்?" என்று கேட்டாள். அவர்கள் வீட்டில் டைல்ஸ் தரை. நான் பதில் சொல்வதற்குள் அப்பத்தாவே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, சாணியை எந்தப் பதத்தில் கரைப்பது, எந்த மூலையில் ஆரம்பித்துக் கையை எப்படி அரை வட்டமாக ஓட்டுவது, காய்கிற வரை யாரையும் உள்ளே விடாமல் எப்படிக் காவல் இருப்பது என்று செய்தே காட்டிவிட்டார். கதையில் ஒரு சொல்லாக வருவதைப் பெரியவர்கள் தங்கள் கையால் காட்ட முடிகிறது. எங்களிடம் இருக்கும் எந்தப் படத்தாலும் அது ஆகாது.

இதை எழுதும்போது ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். என் அம்மாச்சி சொன்ன கதையில் மரத்துக்கும் கொக்குக்கும் நடுவே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஏதோ பறவை என்று நினைவு. இன்னொருவர் யாரென்று எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. அம்மாச்சி போய் வெகுகாலமாகிறது. அம்மாவிடம் கேட்டிருக்கலாம், அவரும் இல்லை. என்னோடு அந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட அக்காவுக்கும் நினைவில்லை. நான் பிள்ளைகளுக்குச் சொல்வது அந்த இரண்டு பேரை விட்டுவிட்ட கதைதான். அச்சில் வந்த புத்தகங்களில் தேடினேன். அவற்றில் வேறு சங்கிலி இருக்கிறது, அதுவும் நல்ல சங்கிலிதான். ஆனால் என் அம்மாச்சியின் சங்கிலி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "எங்க வீட்ல சொல்ற கதை புத்தகத்துல இருக்கற மாதிரி இல்லையே டீச்சர், தப்பா சொல்லிக்குடுத்துறக் கூடாதுல்ல?" தயவுசெய்து அந்தப் பயத்தை விடுங்கள். குரங்கும் முதலையும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நாவல்மரத்துக் குரங்கின் ஈரலைக் கேட்டு முதலையின் மனைவி அடம்பிடிப்பாள். "ஈரலை மரத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேனே" என்று குரங்கு தப்பிக்கும். பஞ்சதந்திரத்தில் வரும் கதை. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளிலும் இருக்கிறது. அங்கே மரம் அத்தி, கேட்பது இதயம். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் சுவாகிலி பேசுகிறவர்களிடம் இதே கதை போனபோது முதலை சுறாவாகிவிட்டது. கடற்கரைக்காரர்களுக்குச் சுறாவை விட்டால் வேறு யார்? கொரியாவில் கடலுக்கடியில் இருக்கும் நாகராஜனுக்கு நோய் வந்து, முயலின் ஈரல் வேண்டுமென்று ஆமையை அனுப்புகிறார்கள். அங்கே குரங்கின் இடத்தில் முயல்.

பஞ்சதந்திரம் 6-ஆம் நூற்றாண்டிலேயே பாரசீக அரசர் குஸ்ரோவின் காலத்தில் அந்நாட்டுப் பழைய மொழிக்குப் போய்விட்டது. 8-ஆம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃபா அதை அரபியில் எழுதினார். கரடகன், தமனகன் என்ற நம் நரிகள் இரண்டும் அங்கே கலீலா, திம்னா ஆகிவிட்டன. தமிழில் 1826-இல் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து எடுத்து எழுதிய உரைநடைதான் பல தலைமுறை மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. போன இடமெல்லாம் அங்கிருக்கும் மரத்தையும் நீரையும் எடுத்துக்கொண்டுதான் இந்தக் கதைகள் உயிரோடு இருக்கின்றன. குளம் வேண்டாம், கண்மாய் என்று சொன்ன அப்பத்தாவும் அதைத்தான் செய்தார். ஆகவே உங்கள் வீட்டுக் குரங்கு உட்கார்ந்திருப்பது புளியமரமானால் புளியமரமாகவே இருக்கட்டும்.

இப்போது கொஞ்சம் கடினமான விஷயம். ஒன்றாம் வகுப்புச் சிறுமியின் அம்மா இரண்டு வாரத்துக்கு முன் வந்து, கீரிப்பிள்ளைக் கதையைக் கேட்டுவிட்டு மகள் இரவெல்லாம் அழுதாள், இதுபோன்ற கதைகள் வேண்டாமே என்றார். தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றிய கீரி, வாயில் ரத்தத்தோடு வாசலுக்கு ஓடி வருகிறது. குழந்தையைத்தான் கடித்துவிட்டதென்று நினைத்துத் தண்ணீர்க் குடத்தை அதன்மேல் போட்டுவிடுகிறாள் தாய். உள்ளே போய்ப் பார்த்தால் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் பாம்பு செத்துக் கிடக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை அழாமல் என்ன செய்யும்?

நான் அந்த அம்மாவிடம் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன். அழட்டும். பக்கத்தில் நீங்கள் இருக்கும்போது அழட்டும். கீரி பிழைத்துக்கொண்டது என்று முடிவை மாற்றிச் சொல்ல வேண்டாம். நம்மவர்கள் இந்தக் கதையை நெடுங்காலமாக மாற்றாமல் சுமந்து வந்திருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் மதுரைப் புறஞ்சேரியில் கோவலனைச் சந்திக்கும் மாடலன், கோவலன் செய்த நல்ல காரியங்களைச் சொல்லும்போது இதுவும் வருகிறது. கீரியைக் கொன்ற பெண்ணை விட்டுவிட்டுக் கணவன் வடக்கே போய்விடுகிறான். அவள் கையில் ஓர் ஏட்டை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டு, பாவம் தீரத் தானம் செய்து, கணவனோடு சேர்த்துவைக்கிறான் கோவலன். கீரி எப்படிச் செத்தது என்பதை அங்கே விளக்கவே இல்லை. கேட்பவர்களுக்குத் தெரியும் என்று இளங்கோவடிகள் ஒரு வரியில் கடந்துபோகிறார். அவசரத்தில் தவறு செய்துவிட்ட அந்தத் தாயையும் அவர் கைவிடவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

அழுத சிறுமி மறுநாள் என்னிடம் வந்து, "டீச்சர், கீரிக்கு யாராச்சும் தண்ணி குடுத்தாங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவளுக்குள் பிறந்திருக்கிறதே, அதற்காகவாவது இந்தக் கதைகள் வேண்டும்.

கதை முடிந்த கையோடு "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதைக் கேட்பதற்குப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருக்கிறோம். நாங்களுமே குறைத்துக்கொள்ள முயல்கிறோம். பிள்ளை தூங்கிப்போனால் தூங்கட்டும். மறுநாளும் அதே கதையைக் கேட்டால் சலித்துக்கொள்ளாமல் அதையே சொல்லுங்கள். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டால் அங்கேயே நின்று பதில் சொல்லுங்கள். செல்போனில் ஓடும் கதை நிற்காது, அதற்கு உங்கள் பிள்ளையின் முகம் தெரியாது.

மாற்றச் சொல்வது ஒன்றே ஒன்றைத்தான். சில பழைய சொல்முறைகளில் ஒரு சாதியையோ, கறுத்த நிறத்தையோ, உடல் ஊனத்தையோ இழிவாகப் பேசும் சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை உதறிவிட்டுச் சொல்லுங்கள். ஈ கதையில் வரும் வலையனும் குயவரும் ஈயிடம் நின்று பேசிய மரியாதையான மனிதர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் நம் வகுப்பறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போய்விட்டு இருட்டின பிறகு வீடு திரும்பும் அம்மாக்களின் அசதி எனக்குத் தெரியும். உட்கார்ந்து சொல்ல வேண்டுமென்பதில்லை. சோறு வடிக்கும்போது சொல்லலாம், தலை பின்னும்போது சொல்லலாம். திருப்பூரிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் அப்பாக்கள் போன் செய்யும்போது, "நல்லாப் படிக்கிறியா?" என்று கேட்டதும் வைத்துவிட வேண்டாம். ஒரு கதையைச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசி அனுப்பினாலும் போதும். வேறு மொழி பேசும் ஊர்களிலிருந்து இங்கே வேலைக்கு வந்து தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் மூன்று பேர் நம் பள்ளியில் படிக்கிறார்கள். அவர்கள் தங்கள் மொழியிலேயே கேட்டுவிட்டு வரட்டும். வகுப்பில் எப்படியாவது எங்களுக்குப் புரியவைத்துவிடுவார்கள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் வரும் முதல் வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.30 மணிக்கு வேப்பமரத்தடியில் கதை கேட்கக் கூடுகிறோம். தாத்தா, அப்பத்தா, அம்மாச்சி யார் வேண்டுமானாலும் வரலாம். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி போட்டிருப்போம். மேடை, மைக் எதுவும் கிடையாது. வர இயலாதவர்கள் வீட்டுக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் இருவராக நோட்டோடு வருவார்கள். நீங்கள் சொல்லச் சொல்ல, உங்கள் பேச்சிலேயே எழுதிக்கொள்வார்கள். எழுத்துப் பிழையை நாங்கள் திருத்திக்கொள்கிறோம். சொல்லை மாற்ற மாட்டோம். அந்த நோட்டு பள்ளி நூலக அலமாரியில் இருக்கும்.

அதற்கு முன்னால், ஈ கதையில் மரத்துக்கும் கொக்குக்கும் நடுவே யார் யார் வருவார்கள் என்று உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்