பழைய எஞ்சினும் தொலைந்த புத்தகமும்

ஆசிரியருக்கு,

போர்க்காலத்தில் எரிபொருளுக்கும் பொருளாதாரத் தடை இருந்தபோது, சில துளி பெற்றோலில் உயிர்பெற்றுப் பின் மண்ணெண்ணெயிலேயே வன்னியெங்கும் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் எஞ்சின்கள் இன்று பழைய இரும்போடு நிறுக்கப்படுகின்றன. அவ்வாறு போகவிருந்த ஓர் ஒஸ்ரின் ஏ35 காரின் 948 சிசி எஞ்சினை, 1098 சிசி எஞ்சின் பழுதாகிப்போன எனது மொறிஸ் மைனரில் பொருத்த எண்ணியுள்ளேன். இரண்டும் ஒரே ஏ-சீரிஸ் குடும்பத்தவை. எனினும் கிளச் தட்டின் விட்டம் வேறுபடுவதால் கியர்பெட்டியையும் பார்த்தே இதில் இறங்கவேண்டும். மண்ணெண்ணெய் குடித்த எஞ்சினென்றால் சிலிண்டர் தேய்வையும் கரிப்படிவையும் முதலில் சோதிப்பது நல்லது. (எஞ்சின் சிறியதாவதால் வேகம் குறையும், எங்கள் ஒழுங்கைகளுக்கு அது போதும்.)

மெக்கானிக் வேலையைவிடக் கடினமானது எஞ்சின் இலக்கத்தைப் பதிவில் மாற்றுவதே. 2009 இடப்பெயர்வில் பதிவுப் புத்தகத்தைத் தொலைத்த ஒருவரிடம் வாங்கிய எஞ்சினுக்கு உரிமையை எவ்வாறு நிரூபிப்பது? கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலுடன் சத்தியக்கடதாசியை ஏற்கும் நடைமுறையொன்றை உரியவர்கள் வகுக்கவேண்டும்.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.