83 மூட்டையும் ஒரு டிப்பரும்: நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 2 அன்று பெரிய வாய்க்கால் பாலத்தருகே நடந்த தூய்மைப் பணியைத் தாங்களே வந்து தொடங்கி வைத்தீர்கள். ஆகவே முன்கதை வேண்டாம். தாங்கள் கிளம்பிய பிறகு நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இன்று 24-ஆம் தேதி. அன்று அள்ளிக் கட்டிய குப்பை மூட்டைகள் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன.

மொத்தம் 83 மூட்டை. எண்ணியவன் நான். காலியான யூரியா சாக்குகளை உரக்கடைக்காரர் சும்மா கொடுத்தார். கல்லூரியின் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) மாணவர்கள் 40 பேர், எங்கள் தெருக்காரர்கள் 15 பேர், ஆறரை மணிக்கே வாய்க்காலில் இறங்கிவிட்டோம். ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டால் வேரோடு பாதி பாலித்தீன்தான் வருகிறது. பிரியாணி டப்பா, குழந்தைகளின் டயப்பர், யார் வீட்டிலோ கழித்துப் போட்ட முழு மெத்தை ஒன்று. பாட்டில் தனிக் கணக்கு. டாஸ்மாக் பூட்டியிருக்கிற நாளில் ஆறு மூட்டை பாட்டில் எடுத்தோம். ஒரு மாணவனுக்கு உள்ளங்காலில் சில்லு ஏறிவிட்டது. என் வண்டியில் உட்கார வைத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் டி.டி. ஊசி போட்டுக் கொண்டுவந்தேன். வீட்டுக்குப் போ என்றால் கேட்கவில்லை. படித்துறையில் காலை நீட்டி உட்கார்ந்து, கோணி ஊசியால் மூட்டைகளுக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தான்.

ஒன்பதே காலுக்குத் தாங்கள் வந்தீர்கள். கூடவே 50 புதுத் துடைப்பங்களும் வந்தன, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல். வாய்க்காலைத் துடைப்பத்தால் எப்படிப் பெருக்குவது ஐயா? எங்களுக்கு வேண்டியிருந்தது மண்வெட்டியும் கையுறையும். சரி, படம் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று மாணவர்களைச் சேறு கழுவிவிட்டு வரச் சொல்லி நிற்க வைத்தோம். ஒன்பது நாற்பதுக்கு விருந்தினர் எல்லாரும் கிளம்பியதும் துடைப்பங்களை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒன்று குறைகிறது என்று தேடவும் செய்தார்கள். அந்த அக்கறையில் கொஞ்சம் மூட்டைகளின் மேலும் இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலையில்லை.

"மதியத்துக்குள்ள டிப்பர் வந்துடும், பாலத்தோரமா அடுக்கி வச்சிடுங்க" என்றார் துப்புரவு ஆய்வாளர். அடுக்கினோம். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் சொன்னபடி தரம் பிரித்தே அடுக்கினோம். பிரிப்பது மக்கள் கடமை, வந்து எடுத்துக்கொள்வது உள்ளாட்சியின் கடமை என்பதும் அதே விதிகளில்தான் இருந்தது.

டிப்பர் அன்று மதியம் வரவில்லை. மறுநாள் டிரைவர் லீவு. அதற்கு மறுநாள் வண்டி எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்குப் போயிருந்தது. நான்காவது நாள் நாற்றம் ஆரம்பித்தது. நாய்கள் சாக்கைக் கிழித்தன. பாலத்தடியில் 12 வருடமாக இட்லிக்கடை போடும் அக்கா, வாடிக்கையாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்புவதைப் பார்த்துவிட்டுத் தள்ளுவண்டியைப் பேருந்து நிலையப் பக்கம் கொண்டுபோனார். அங்கே ஏற்கெனவே கடை போட்டிருப்பவர்கள் விடுவார்களா? இப்போது வீட்டு வாசலில் விற்கிறார். அந்தச் சந்துக்குள் எத்தனை பேர் தேடி வருவார்கள் என்று தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நான் செயலியில் புகார் பதிந்தேன். ஆறாம் நாள் குறுஞ்செய்தி வந்தது: தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது. திறந்து பார்த்தால் சான்றாக ஒரு படம். அக்டோபர் 2 அன்று மாணவர்கள் புதுத் துடைப்பத்தோடு நிற்கும் அதே படம். ஓரத்தில் சாய்ந்து நிற்பது நானேதான்.

அப்புறம் மழை வந்தது. மூட்டைகளை மூட எங்களிடம் தார்ப்பாய் இல்லை. அன்றைக்குக் கட்டிய 'தூய்மையே சேவை' பேனர் மட்டும் பாலத்திலேயே இருந்தது. ஃபிளெக்ஸ் என்பதால் தண்ணீர் இறங்காது. அதை அவிழ்த்துத்தான் போர்த்தினோம். அதில் தங்கள் படமும் இருக்கிறது. அவமரியாதை செய்யும் எண்ணம் இல்லை, மன்னிக்க வேண்டும். ஆனாலும் 17-ஆம் தேதி ராத்திரி கொட்டியதில் கரை சரிந்து 31 மூட்டை மறுபடியும் வாய்க்காலுக்குள் போய்விட்டது. மதகு அடைத்துக்கொண்டு தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்.

காலையில் இரண்டு தூய்மைப் பணியாளர்கள் வந்தார்கள். இருவரும் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பெண்கள். காலில் ரப்பர் செருப்பு, கையில் ஒன்றுமில்லை. காந்தி ஜயந்தி அன்று ஊருக்கெல்லாம் விடுமுறை. இவர்களை மட்டும் விடியற்காலை ஐந்து மணிக்கே வரச்சொல்லி, விருந்தினர் நிற்கப்போகும் இடத்தைச் சுத்தம் செய்ய வைத்தார்களாம். ஊறிப்போன சாக்கைத் தூக்கினால் அடி பிய்ந்து எல்லாம் இடுப்பில் ஊற்றுகிறது. நாங்கள் நாலைந்து பேர் கூட இறங்கினோம். அவர்களில் மூத்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இத்தினி பேரு சேந்து அள்ளிட்டு, எதுக்கு சார் கரையிலயே வச்சீங்க?"

எனக்கு வாய் வரவில்லை. தங்களுக்குப் பதில் தெரிந்திருக்கும் என்பதால் இங்கே கேட்கிறேன்.

1901-இல் கல்கத்தா காங்கிரசுக்குப் போன காந்தி, கழிப்பறை இருந்த கோலத்தைத் தொண்டர்களிடம் காட்டியபோது, அது எங்கள் வேலை இல்லை, தோட்டி வேலை என்றார்களாம். அவரே ஒரு துடைப்பம் தேடி வாங்கிக் கழுவினார். படம் எடுக்க ஆள் இல்லை. அவர் பிறந்தநாளைத்தான் கொண்டாடுகிறோம். 2014-இல் தூய்மை இந்தியா தொடங்கியதிலிருந்து அக்டோபர் 2 வந்தால் துடைப்பம். ஜூன் 5 வந்தால் மரக்கன்று. பூங்கா வாசலில் ஒரு குழி இருக்கிறது, ஐந்து வருடமாகப் பார்க்கிறேன்: அதே குழி, வருடா வருடம் புதுக் கன்று. குழிக்கு மட்டும் யாராவது தண்ணீர் ஊற்றியிருந்தால் குழியே வளர்ந்திருக்கும்.

எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்க வந்தது டிப்பர்.

அந்த என்.எஸ்.எஸ். மாணவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை என்று கணக்கு. அதில் நாலு மணி நேரத்தை எங்கள் வாய்க்காலுக்குக் கொடுத்தார்கள். பதிவேட்டில் அது ஏறியிருக்கும். மூட்டைக்கு வாய் தைத்த பையன் போன வாரம் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தான். "வண்டி வந்துச்சாண்ணே?" என்று கேட்டான். வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த வருடமும் அவர்களைக் கூப்பிட வேண்டும், ஐயா. நான்தான் போய்க் கூப்பிட வேண்டும்.

தயவுசெய்து டிப்பரை அனுப்பி வையுங்கள். கரையில் மிச்சம் இருக்கும் 52 மூட்டைக்கும், மறுபடி அள்ளிப் போட்ட குவியலுக்கும் இரண்டு நடை ஆகும். ஏற்றிவிடும் பெண்களுக்குக் கையுறையும் பூட்ஸும் கொடுத்து அனுப்புங்கள். அடுத்த அக்டோபர் 2-க்குத் துடைப்பம் வாங்கும் முன்பே வண்டிக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். வண்டி நிற்கட்டும், நாங்கள் அள்ளி நேராக அதிலேயே போடுகிறோம்.

முந்தின நாள் தகவல் சொன்னால் தூக்கிவிட எங்கள் தெருவிலிருந்து ஆள் வருகிறோம். டிப்பர் பாலத்தின் மேற்குப் பக்கமாக வரட்டும். கிழக்கே மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறது. அதற்கான மனு வேறு அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
கடைத்தெரு ஜெராக்ஸ் கடைக்காரன்