அரியலூர்லேருந்து

மாப்ள,

எப்படிடா இருக்க? போன்ல "அரியலூரா, ட்ரெயின் தாண்டிப் போற ஊருல்ல"ன்னு சிரிச்ச பாரு, அதுக்கு பதில் எழுதணும்னே இருந்தேன். ட்ரான்ஸ்பர் ஆர்டர் வந்தப்ப நானும் அப்படித்தான் நெனச்சேன். மாவட்டத் தலைநகர்ங்குறாங்க, ஆனா 2011 கணக்குல டவுன்ல 29 ஆயிரம் பேர்கூட இல்ல, பக்கத்துல ஜெயங்கொண்டம் இதவிடப் பெருசு. ஆனா ஸ்டேஷன் இங்கதான், பெரம்பலூருக்கு அதுவும் கெடயாது.

சாதா நாள்ல ஒண்ணுமே இருக்காது, சுண்ணாம்புக்கல் லாரி போறதும் அது கெளப்புற புழுதியும்தான். சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு எங்க செக்‌ஷன்ல பாதிப்பேரு திருச்சி வண்டியப் புடிக்க ஓடுவானுங்க, ஆபீஸ் இங்க, குடும்பம் அங்க. திங்கக்கெழமதான் ஊரே மாறும். அன்னிக்கு எங்க கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள், செந்துறை, ஆண்டிமடம், உடையார்பாளையம்னு எல்லா பக்கத்துலேருந்தும் மொத பஸ்ஸப் புடிச்சு வந்து எறங்கிடுவாங்க, கேட்ல போலீஸ் ஒவ்வொரு பையா தொறந்து மண்ணெண்ணெய் இருக்கான்னு பாக்கும், உள்ள தண்ணி பாட்டிலும் பழைய பட்டா ஜெராக்ஸும்தான் இருக்கும்.

வெளிய வேப்பமரத்தடில மனு எழுதுற பெரியவர் ஒருத்தர் இருக்காரு, டீ குடிக்கப் போறப்ப பழக்கம். ஒருநாள் அவர் சொன்னத நீ கேட்டிருக்கணும்டா. மொதல்ல இவங்கல்லாம் திருச்சி கலெக்டருக்குத்தான் எழுதுனாங்களாம், 1995ல பெரம்பலூர பிரிச்சதும் பெறுநர்ல ஊர மாத்துனாராம், 2001ல அரியலூர் தனி மாவட்டம், திரும்ப மாத்தல், 2002ல கலைச்சு பெரம்பலூரோடயே சேத்துட்டாங்க, திரும்ப மாத்தல், 2007 நவம்பர் 23ல மறுபடி அரியலூர். "நாலு வாட்டி பெறுநர மாத்திட்டேன் தம்பி, உள்ள இருக்குற சங்கதி மட்டும் அதே வாய்க்கா தகராறுதான்"னாரு. எனக்கு சிரிப்பு வந்துச்சு, அவரு சிரிக்கல. ரசீதுல நம்பர் போட்டுக் குடுக்குறதே நாங்கதான?

அந்த நவம்பர் 23 இருக்கு பாரு, 1956ல அதே தேதிலதான் மருதையாத்துப் பாலம் வெள்ளத்துல போயி தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவுந்துச்சு, லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவிய விட்டாரே, அது இங்கதான். தேதி ஒண்ணாயிருக்குறத ஆபீஸ்ல சொன்னா ஒருத்தனும் நிமிந்து பாக்கல, ஃபைல்ல மூழ்கிட்டானுங்க.

இன்னொண்ணு. கங்கைகொண்ட சோழபுரம் இந்த மாவட்டந்தான், ராஜேந்திர சோழன் கட்டுன தலைநகர். ஒரு காலத்துல அங்கேருந்து ஓலை போச்சு, இப்ப அங்கேருந்து மனு வருது, அதுவும் பஸ்ல நின்னுக்கிட்டே. மேல ஏறி ஒக்காந்த ஊரு எப்ப கீழ எறங்கும்னு யாருக்குத் தெரியும், இந்த ஊரு ஒரே வருஷத்துல எறங்கிப் பாத்துருச்சே.

திருச்சில வீடு பாத்துக்கோன்னு வீட்டுல நச்சரிக்கிறாங்க. நான் இங்கயே ரூம் எடுத்துட்டேன், ராத்திரி ஒம்போது மணிக்கே ஊர் அடங்கிடும், தூக்கம் நல்லா வருது.

நீ ஒருவாட்டி வா. சனிக்கெழம ராத்திரி எழும்பூர்ல ஏறு, ஞாயிறு கோயிலுக்குப் போலாம், வாரணவாசில கல்லாப்போன கடல் நத்தையெல்லாம் மியூசியத்துல வெச்சிருக்காங்க, இங்க ஒரு காலத்துல கடலு இருந்துச்சாம்டா. திங்கக்கெழம மட்டும் வராத, உன்னயும் வரிசைல நிக்க வெச்சிருவாங்க.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்ச்மேட்