மினிம் கடற்கரைக்கு வருவோருக்கு வற்றுப்பெருக்கு நேரத்தையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் பயணப் பக்கத்தில் பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள லா ரொஷெல் நகரத்து மினிம் கடற்கரையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்து மனம் வருந்தினேன். பாரிஸிலிருந்து குடும்பத்தோடு வந்தவர், அங்கே கடலே இல்லை, சேறுதான் இருந்தது, பிள்ளைகள் ஏமாந்துபோனார்கள் என்று எழுதியிருந்தார். இந்தக் கடற்கரைக்குப் பக்கத்தில்தான் நான் குடியிருக்கிறேன். வயோதிபர் இல்லத்தில் வேலை முடிந்ததும் பல நாட்கள் அங்கே போய் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அவர் கண்டது பொய்யில்லை. ஆனால் அவர் வந்தது பௌர்ணமிக்கு மறுநாள், பகல் பன்னிரண்டரை மணிக்கு. அன்றைக்கு அந்த நேரத்தில் யார் வந்தாலும் சேற்றைத்தான் காண்பார்கள்.

யாழ்ப்பாணத்துக் கடலிலும் தமிழ்நாட்டுக் கடலிலும் நீர் ஏறி இறங்குவது பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவைத் தாண்டாது. அதனால் கடலுக்குப் போக நேரம் பார்க்கும் பழக்கம் மீன்பிடிக்கிறவர்களைத் தவிர நம்மில் பலருக்கு இல்லை. அத்திலாந்திக் அப்படி இல்லை. லா ரொஷெலில் பெரிய பெருக்கின்போது நீர்மட்டம் சுமார் 6 மீட்டர் ஏறி இறங்கும். கரை சரிவு குறைந்தது என்பதால் நீர் இறங்கும்போது வெகுதூரம் பின்வாங்கிவிடும். பெருக்கிலிருந்து வற்றுக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அப்புறம் திரும்ப ஏற அதே அளவு நேரம். அதோடு ஒவ்வொரு நாளும் இந்த நேரம் சுமார் 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகும்.

இதற்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே கடல் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் நிரம்பி, நண்பகல் வாக்கில் வற்றிக் கிடக்கும். அட்டமி, நவமி நாட்களில் நண்பகலை ஒட்டி நீர் நிரம்பியிருக்கும், ஏற்ற இறக்கமும் குறைவு. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் தள்ளிவைக்கிற அந்த இரண்டு திதிகளும் மினிமில் பகலில் குளிக்க நினைக்கிற குடும்பத்துக்கு மிக நல்ல நாட்கள். பாரிஸ் மொன்பர்னாஸ் நிலையத்தில் காலையில் தேஜேவே அதிவேக ரயில் ஏறுகிறவர்கள் நண்பகலுக்குள் இங்கே வந்துவிடலாம். ஆகவே திதி பார்த்து டிக்கெட் எடுங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது.

சரியான நேரம் வேண்டுமென்றால், பிரான்சின் கடலளவை நிறுவனமான ஷோம் அதை முன்கூட்டியே கணித்து வெளியிடுகிறது. அதில் 20 முதல் 120 வரை ஓர் எண்ணும் இருக்கும். பிறெஸ்ட் துறைமுகத்தை வைத்துக் கணிக்கப்படும் இந்த எண், பிரான்சின் அத்திலாந்திக் கரை முழுவதற்கும் ஒன்றுதான். 100க்கு மேல் என்றால் கடல் மிகவும் ஏறி மிகவும் வற்றும், 45க்குக் கீழ் என்றால் அதிகம் அசையாது.

வற்று நேரத்தில் வந்துவிட்டாலும் திரும்பிப் போகத் தேவையில்லை. 1627-28இல் இந்த நகரத்தை முற்றுகையிட்ட ரிஷ்லியூ என்ற பிரெஞ்சு மன்னரின் முதலமைச்சர், ஆங்கிலேயக் கப்பல்கள் உதவிக்கு வராமல் தடுக்கக் கடலுக்குக் குறுக்கே சுமார் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஓர் அணை கட்டினார். அதன் கற்கள் நீர் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிரெஞ்சு வரலாறு கண்ணெதிரே கிடக்கிறது, கடல் நிரம்பிய பிறகு வருகிறவர்களுக்கு அது கிடைக்காது. ஆனால் சேற்றில் தூரமாக இறங்கிப் போக விடாதீர்கள். திரும்பி வரும் நீர் எல்லா மணியிலும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே மொத்த ஏற்றத்தில் பாதி ஏறிவிடும்.

இன்னொன்று, மட்டியும் சிப்பியும் பொறுக்குவது. நம்மவர்கள் வாளியோடு வருவதை நான் பார்த்திருக்கிறேன், ஆசை எனக்கும் புரிகிறது. பக்கத்திலேயே 4,000க்கும் மேற்பட்ட உல்லாசப் படகுகள் நிற்கும் துறைமுகம் இருக்கிறது. படகின் அடியில் பாசி பிடிக்காமலிருக்கப் பூசும் வண்ணத்தில் செம்பு உண்டு. மட்டியும் சிப்பியும் நீரை வடிகட்டி உண்பவை, நீரில் உள்ளது அவற்றின் உடம்பில் சேரும். இங்கே எடுத்துச் சமைக்க வேண்டாம்.

துறைமுகத்துக்குள் குளிக்கவும் கூடாது. நீர் அசையாமல் குளம் மாதிரித் தெரியும், அதுதான் பிள்ளைகளை இழுக்கிறது. அங்கே படகுகள் போய் வருகின்றன, ஓட்டுகிறவருக்குத் தண்ணீரில் ஒரு சின்னத் தலை தெரியாது. குளிக்கிற இடம் துறைமுகத்துக்கு அப்பாலுள்ள மணற்கரை. கோடையில் காவலர்கள் இருக்கும் நேரத்தில், மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு இடையில் இறங்குங்கள். முன்பு நீலக் கொடி இருந்தது, 2022இல் மாற்றிவிட்டார்கள். பழைய ஞாபகத்தில் நீலத்தைத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பின் பொருள் எல்லோருக்கும் தெரியும். ஊதாக் கொடி ஏறியிருந்தால் நீர் மாசுபட்டிருக்கிறது அல்லது தீங்கு செய்யும் உயிரினங்கள் வந்திருக்கின்றன என்று பொருள். கடலில் யாருக்காவது ஆபத்து என்றால் கைபேசியில் 196.

இத்தனையும் எழுதுவதற்குக் காரணம், கார் இல்லாத குடும்பங்களுக்கு இப்படி ஒரு கடற்கரை எளிதில் வாய்க்காது என்பதுதான். ரயில் நிலையத்திலிருந்து பழைய துறைமுகத்துக்கு நடந்தே வரலாம். அங்கிருந்து சூரிய ஒளி மின்சாரத்தில் ஓடும் பயணிகள் படகு இரண்டு பழைய கோபுரங்களுக்கு நடுவே வெளியே வந்து மினிமில் இறக்கிவிடும். பிள்ளைகளுக்கு அந்தப் பயணமே போதும். இறங்கினால் பாய்மரங்களில் கயிறுகள் மோதி மணி மணியாகச் சத்தம் கேட்கும், அதைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் மணல். முழங்கால் வலியுள்ள அம்மாவை நான் இந்த வழியாகத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். ரே, ஒலெரோன் தீவுகள் பேரலைகளை மறைத்து நிற்பதால் இங்கே நீர் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். தெற்கே லாந்து கரையில் போல அலை ஆளைப் புரட்டிப் போடாது.

உங்கள் பத்திரிகை ராசிபலனும் நல்ல நேரமும் தவறாமல் போடுகிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அதன் பக்கத்திலேயே லா ரொஷெல், சென் நசேர், அர்க்காஷோன் ஆகிய மூன்று இடங்களுக்கு வார இறுதி நாட்களின் பெருக்கு நேரத்தையும் அந்த ஓர் எண்ணையும் போடுங்கள். நான்கு வரி இடம் போதும். அந்தக் கட்டுரையை எழுதியவரும் அடுத்த கோடையில் ஓர் அட்டமியன்று பிள்ளைகளோடு வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
லா ரொஷெல்