தடுக்காமல் இருந்தவர்கள்

கானாடுகாத்தான்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். வீட்டில் அனைவரும் நலமா? நீ வற்புறுத்திய ‘பிரிசனர்ஸ்’ (2013) படத்தை, பங்காளிகள் எல்லோரும் சென்னைக்குப் போய்விட்டதால் ஆளற்றுக் கிடக்கும் வீட்டின் உள்முற்ற வளவில், இரவு பத்து மணிக்கு மேல் தனியாக அமர்ந்து பார்த்தேன். ரோஜர் டீக்கின்ஸின் ஒளிப்பதிவில் படம் நெடுகிலும் மழையும் ஈரமும்தான். நம் ஊர்ச் சித்திரை வெயிலிலும் எனக்குக் குளிரெடுத்தது.

மகளைத் தொலைத்த தகப்பன், போலீஸ் விட்டுவிட்ட இளைஞனைக் கடத்திவந்து தன் தந்தையின் பாழடைந்த கட்டடத்தில் அடைத்து வதைக்கிறான் என்று நீ எழுதியபோது, அவனை வெறுப்பேன் என்றே நினைத்தேன். ஆனால் வெகுநேரம் நான் அவன் பக்கமே இருந்தேன். எனக்கும் பேத்தி இருக்கிறாள் அல்லவா? குளியலறையைப் பலகையால் அடைத்து, சிறு துளை மட்டும் விட்டு, உள்ளே கொதிநீரைத் திறந்துவிடும் இடத்தில்தான் எழுந்துபோய் முகப்புக் கதவைத் திறந்து வைத்தேன்.

அவனைவிட என்னை உறுத்தியவர்கள், தங்கள் மகளையும் பறிகொடுத்த அவனுடைய நண்பனும் அந்த நண்பனின் மனைவியும். வதையைக் கண்ணால் கண்ட பிறகு, நாம் உதவவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம் என்று அவள் முடிவு செய்கிறாள். பழி அவனுக்கு, பலன் நமக்கு! இதைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லையே.

2018 மே மாதம், போளூர் அருகே குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டியை, பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகித்து ஒரு கூட்டம் அடித்துக் கொன்றது உனக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் நம் தெருவிலும், பழைய பித்தளைப் பாத்திரம் வாங்க வந்த ஒருவரை இளைஞர்கள் வளைத்துக்கொண்டு, சட்டையைப் பிடித்து விசாரித்தார்கள். முந்தைய வாரம்தான் என்னிடம் ஓர் அண்டாவை விலைக்கு வாங்கிப் போன மனிதர் அவர். அறிந்தவர் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அடிக்காமல் விட்டுவிட்டார்கள் என்பது என்னால் நேர்ந்ததன்று. போகும்போது அவர் திண்ணைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

நீதி வென்றது என்று எழுதியிருந்தாய். வதைபட்டவனே, மகள்களைக் கடத்திய பெண்ணும் அவள் கணவனும் சிறு வயதில் கடத்திய பிள்ளை என்பது தெரிந்த பிறகுமா? தகப்பனும் குழிக்குள் கிடந்து ஊதலை ஊதுகிறான். துப்பறிவாளர் திரும்பிப் பார்ப்பதோடு திரை இருண்டுவிடுகிறது.

முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வரும்போது, தடுக்காமல் இருந்த அந்த இருவரும் செய்தது சரியா என்று உன்னிடம் நேரில் கேட்க வேண்டும். ஆச்சிக்கு என் அன்பைச் சொல்.

உன் பழைய நண்பன்